வேலைக்குப் போன சைக்கிள்: ஒரு வலியின் வரலாறு



மலருக்குக் கட்டுரை கேட்டால் நம்மவர்கள் வழக்கமாக எழுதுவது மூன்று விஷயங்கள்தான். ஹாஸ்டல் சாம்பார், கண்டிப்பான பேராசிரியர், கடைசி நாள் பிரிவு. இவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வரலாறு படித்தவன் என்ற உரிமையில் நான் எடுத்துக்கொண்ட பொருள் சைக்கிள். நம்மில் பலரைக் கல்லூரிக்கும், பிறகு முதல் வேலைக்கும் சுமந்து சென்ற வாகனம் அது. அதற்கும் ஒரு மரியாதை செய்ய வேண்டாமா?

இன்னொரு காரணமும் உண்டு. 'சர்க்கரை இருக்கு, உடம்பை அசைங்க' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, புது சைக்கிள் வாங்கி, இரண்டு வாரம் ஆபீசுக்கு அதில் போய்விட்டு, பிறகு மாடிப்படிக்கு அடியில் பூட்டு போட்டு நிறுத்திய நண்பர்கள் எல்லா பேட்சிலும் இருக்கிறார்கள். கேட்டால், "முட்டி வலிக்குதுப்பா", "இடுப்பு பிடிச்சுக்குது", "கை மரத்துப் போவுது" என்பார்கள். கடைசியில் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: "வயசாயிடுச்சு!"

வயதின் மேல் பழி போடுமுன் சைக்கிளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். இந்த வலிகள் எதுவும் புதியவை அல்ல. ஒவ்வொரு வலிக்கும் யாரோ ஒருவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே மருந்து தேடியிருக்கிறார். இன்றைய சைக்கிளின் முக்கிய உறுப்புகள் பலவும் அந்தத் தேடலில் கிடைத்தவைதான்.

எலும்பு குலுக்கி

1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் என்ற வன அதிகாரி ஓட்டிக் காட்டிய வண்டிதான் நம் சைக்கிளுக்குப் பாட்டன். மரச் சட்டம், இரண்டு மரச் சக்கரங்கள், திருப்புவதற்கு ஒரு கைப்பிடி. பெடல் கிடையாது. வண்டியின் மேல் உட்கார்ந்து தரையைக் காலால் உந்திக்கொண்டே போக வேண்டும்.

1860-களில் பாரிசில் முன் சக்கரத்தின் அச்சிலேயே பெடலைப் பொருத்தினார்கள். மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை. கல் பாவிய தெருவில் அதன் மேல் போனவர்களின் கதியை விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலேயர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரே 'எலும்பு குலுக்கி' என்ற பொருளில் அமைந்தது!

1870-களில் முன் சக்கரம் பெரிதாகிக்கொண்டே போனது. பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றுவதால், ஒரு மிதிக்கு ஒரு சுற்று. சக்கரம் பெரிதானால் ஒரு மிதிக்குப் போகும் தூரமும் கூடும். அப்படியானால் சக்கரம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஓட்டுபவரின் கால் எட்டும் அளவுக்கு! எனவே தையற்காரரிடம் அளவு கொடுப்பதுபோல, கால் நீளத்துக்கு ஏற்ற சக்கரமாகப் பார்த்துத்தான் வாங்கினார்கள். இந்த இடத்தை நினைவில் வையுங்கள். பின்னால் திரும்பவும் வர வேண்டியிருக்கும்.

ஆனால் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தவர், முன் சக்கரம் ஒரு கல்லில் முட்டினால் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுந்தார். இளவட்டங்களுக்கு அது வீர விளையாட்டு. காலையில் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டிய குடும்பஸ்தருக்கு அது ஆகாது.

காற்று கொடுத்த சுகம்

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள், நடுவில் பெடல், அங்கிருந்து பின் சக்கரத்துக்குச் செயின். பல் சக்கரங்களின் அளவை மாற்றினாலே மிதிக்குக் கிடைக்கும் தூரம் மாறும் என்பதால் ராட்சதச் சக்கரத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. தேவையானபோது காலைத் தரையில் ஊன்ற முடிந்தது. இந்த வகைக்கு 'பாதுகாப்பு சைக்கிள்' என்றே பெயர் வந்தது.

விழும் பயம் குறைந்தது, குலுக்கல் குறையவில்லை. சக்கரம் சிறிதானதால் குழியின் அதிர்ச்சி இன்னும் கூடுதலாகவே தெரிந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயரைச் செய்து மாட்டினார். (காற்று டயருக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845-லேயே காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அன்று அதைக் கேட்பாரில்லை.) அடுத்த ஆண்டே வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் மாட்டிய சைக்கிளில் பெல்ஃபாஸ்ட் பந்தயங்களில் வென்றார். சுகத்துக்காக வந்த டயர் வேகத்தையும் கொடுத்தது. குலுங்காத வண்டி, மிதிக்கும் சக்தியை வீணாக்காத வண்டியும்கூட.

சீட்டும் கையும்

பர்மிங்ஹாமில் ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866-இல் தோல் பொருள் வியாபாரம் தொடங்கினார். அவருடைய நிறுவனம் இன்றும் சொல்லிவரும் கதை இது: அவர் வேலைக்குப் போய்வந்த குதிரை இறந்துவிட்டது. வேறு குதிரை வாங்க வசதியில்லை. ஒரு சைக்கிளை இரவல் வாங்கி வேலைக்குப் போனார். சீட்டில் உட்கார முடியவில்லை! 'இதற்கு நானே ஒன்று செய்கிறேன்' என்று இறங்கிய அவர் 1882-இல் தோல் சீட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இழுத்துக் கட்டிய தோல், அதற்கடியில் கம்பிச் சுருள் என்று நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் பார்த்தோமே, அந்தச் சீட்டுகளின் பரம்பரை அது. வேலைக்குப் போன ஒரு மனிதரின் வலியிலிருந்து வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம்.

கை மரத்துப் போவதும் பழைய நோய்தான். 1896-லேயே டெஸ்டோ என்ற பிரெஞ்சு மருத்துவர், சைக்கிள் ஓட்டுவதால் உள்ளங்கையில் சுண்டுவிரல் பக்கமாக ஓடும் நரம்பு அழுந்திக் கை பலமிழப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். உடம்பின் பாரம் சீட்டில் இறங்காமல் கைப்பிடியில் இறங்கினால் இந்தத் தொல்லை வரும்.

நம் ஊருக்கு வந்த வண்டி

ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் என்ற பெயர்களோடு இங்கிலாந்து சைக்கிள்கள் நம் நாட்டுக்குக் கப்பலில் வந்தன. இவற்றில் ராலேவின் கதையும் நம் டாக்டர் சமாச்சாரத்தோடு சேர்ந்ததுதான். ஃபிராங்க் பௌடன் என்ற செல்வந்தர் உடல்நலம் கெட்டு, மருத்துவர் சொல்லைக் கேட்டு சைக்கிள் ஓட்டித் தேறினார். அந்த நன்றியில் நாட்டிங்ஹாமில் ஒரு சிறு சைக்கிள் பட்டறையை வாங்கினார். அதுவே 1888-இல் ராலே கம்பெனி ஆனது.

சுதந்திரத்துக்குப் பிறகு உள்நாட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அம்பத்தூரில் அதன் தொழிற்சாலை எழுந்தது. சோனிப்பட்டில் அட்லஸ், லூதியானாவில் 1956-இல் ஹீரோ என்று வரிசையாக வந்தன. தபால்காரர், பால்காரர், வாத்தியார், குமாஸ்தா, மில் தொழிலாளி என்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய அத்தனை பேருக்கும் அதுவே வாகனம். நகராட்சிக்கு வரி கட்டித் தகட்டு வில்லை வாங்கி மாட்டியதையும், விளக்கில்லாமல் போய்ப் போலீஸ்காரரிடம் மாட்டியவர்களையும் மூத்த அண்ணன்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பழைய பார் சைக்கிளைக் குறைவாக எடை போடாதீர்கள். வேலைக்குப் போகவென்றே அமைந்த வண்டி அது. 28 அங்குலச் சக்கரம் குழியில் இறங்கினாலும் ஏறி வந்துவிடும். ஹேண்டில் பார் உயரமாகவும் நம்மை நோக்கி வளைந்தும் இருப்பதால் முதுகு நிமிர்ந்திருக்கும். கைக்குப் பாரம் இல்லை. செயின் கவர் வேட்டியைக் காப்பாற்றும். மட்கார்டு சேற்றைத் தடுக்கும். கேரியர் சாப்பாட்டு டப்பாவைச் சுமக்கும். குறையும் இல்லாமல் இல்லை. ஏறத்தாழ 20 கிலோ எடை, கியர் கிடையாது, எதிர்க்காற்றில் உயிர் போகும். மழையில் இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும்.

ஒரு வீடு, ஒரு சைக்கிள்

பெரிய சக்கர சைக்கிளைக் கால் அளவு பார்த்து வாங்கினார்கள் என்று சொன்னேன் அல்லவா? நம் ஊரில் நடந்தது அதற்கு நேர்மாறு. கடையில் இருந்தது 22 அங்குலம், 24 அங்குலம் என்ற இரண்டு அளவுகள். வாங்குவது வீட்டுக்கு ஒன்று. ஆறடி அப்பாவும் அதே சைக்கிள், ஐந்தடி அண்ணனும் அதே சைக்கிள். ஏழாம் வகுப்புத் தம்பி பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடம்பைப் பக்கவாட்டில் வளைத்துக் குரங்குப் பெடல் அடித்தான். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளிலோ சீட்டை ஏற்றி இறக்கும் பேச்சே கிடையாது. "அட, அதுலயே ஓட்டு தம்பி, பழகிடும்!"

பழகிவிட்டது; அதுதான் சங்கடம். சைக்கிளை நமக்கேற்ப மாற்றலாம் என்ற எண்ணமே வராமல், சைக்கிளுக்கேற்ப நம்மை வளைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டோம். சீட் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டால் இன்றும் பெரும்பாலோர் சொல்லும் பதில், "உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும்." நிற்பதற்கு அது சௌகரியம். ஓட்டுவதற்கு? சீட் அவ்வளவு தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அளவுக்கு மீறி மடங்கும். மடங்கிய நிலையிலேயே பாரத்தைத் தள்ளுவதால் முட்டிச் சில்லின் மேல் அழுத்தம் ஏறும். 20 வயதில் உடம்பு அதைப் பொறுத்துக்கொண்டது. 50 வயதில் பொறுக்காது. "வயசாயிடுச்சு" என்று நாம் சொல்லும் வலியில் ஒரு பங்கு, அன்றே சரி செய்திருக்க வேண்டிய அந்தச் சீட்டினுடையது.

புதுக்கோட்டையில் நடந்தது

வேலைக்குப் போகும் சைக்கிளின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கென்று தனி அத்தியாயம் ஒன்று உண்டு. 1991-இல் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பெண்களுக்கு சைக்கிள் கற்றுக்கொடுக்கும் திட்டத்தைச் சேர்த்தார். ஊரெங்கும் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். 1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அவர்கள் பொழுதுபோக்குக்காகப் பழகியவர்கள் அல்லர். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும், யாராவது கொண்டுபோய் விட வேண்டும் என்ற நிலையும் போயிற்று. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் பலர் ஆண்கள் ஓட்டும் பார் சைக்கிளிலேயே பழகினார்கள். பாரின் மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டாம்! உடம்புக்கும் உடைக்கும் பொருந்தாத வண்டியைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்ட அவர்களின் மனோதிடம் பெரிது. 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பின்னர் அரசுப் பள்ளி மாணவ மாணவியர் பலருக்கும் விரிந்தது. மாணவிகளுக்கென்று பார் இல்லாத சைக்கிள் வந்தது. நம் கல்லூரிக்கு இன்று வரும் தங்கைகளில் சிலர் அந்த சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்களாக இருப்பார்கள்.

அளவெடுக்கும் கலை

விஞ்ஞானிகள் இதை எப்போது அளந்தார்கள்? 1967-இல் இங்கிலாந்தின் லஃப்பரோவில் ஹாம்லி, தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து ஒரு கணக்குச் சொன்னார்கள். வெறுங்காலில் நின்று, தரையிலிருந்து தொடைச் சந்து வரை அளக்க வேண்டும். அதை 1.09 ஆல் பெருக்கினால், கீழே இறங்கிய பெடலிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய நீளம் வரும். கால் அளவு 76 செ.மீ. என்றால் 83 செ.மீ. அது முழு பலத்தைக் கொட்டி மிதிப்பவருக்கான கணக்கு. ஆபீசுக்குப் போகிறவருக்கு இதைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கலாம்.

டேப் இல்லாதவர்களுக்கு எளிய வழி இது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது இடுப்பு சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் முட்டி அளவாக மடிந்திருக்கும். இந்த உயரத்தில் நிற்கும்போது விரல் நுனிதான் தரையில் படும். பயப்பட வேண்டாம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கிக் காலை ஊன்றப் பழக வேண்டும். கூட்டமான தெருவில் போகிறவர்கள் ஒரேயடியாக ஏற்றாமல், சில நாட்களுக்கு ஒருமுறை அரை அங்குலமாக ஏற்றிக்கொள்ளலாம்.

எங்கே வலிக்கிறது என்பதே பெரும்பாலும் காரணத்தையும் சொல்லிவிடும்:

முட்டிக்கு முன்புறம் வலித்தால் சீட் தாழ்வாக இருக்கலாம். எதிர்க்காற்றிலோ மேட்டிலோ பலத்தைக் கொட்டி மிதிப்பதும் காரணம். கியர் இருந்தால் லேசான கியரில் வேகமாக மிதியுங்கள். இல்லையென்றால் இறங்கித் தள்ளுவதில் வெட்கமில்லை.

முட்டிக்குப் பின்புறம் இழுத்தாலோ, இடுப்பு இருபுறமும் ஆடினாலோ சீட் உயரம் கூடிவிட்டது.

கை மரத்தால் ஹேண்டில் பார் தாழ்வு, அல்லது சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது. மணிக்கட்டை மடக்காமல், பிடியை அவ்வப்போது மாற்றிப் பிடிக்க வேண்டும்.

உட்காருமிடம் மரத்தால் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா பாருங்கள். தடித்த ஸ்பாஞ்ச் உறை எப்போதும் நல்லதல்ல. பாரம் இடுப்பு எலும்பில் இறங்க வேண்டும். மெத்தை அதிகமானால் மற்ற இடங்கள் அழுந்தும்.

முதுகும் கழுத்தும் வலித்தால், தோளில் மாட்டிய பையைக் கேரியருக்கு மாற்றுங்கள். பந்தய சைக்கிள் போலக் குனிந்து ஓட்டும் வண்டி ஆபீசுக்குத் தேவையா என்றும் யோசியுங்கள்.

முதல் வாரமே 10 கிலோமீட்டர் போக வேண்டாம். 3, 4 கிலோமீட்டரில் ஆரம்பித்து ஒருநாள் விட்டு ஒருநாள் போகலாம். டயரில் சரியான அளவு காற்று, செயினுக்கு எண்ணெய், கோட்டம் எடுத்த சக்கரம், நன்றாகப் பிடிக்கும் பிரேக், இரவில் முன்னும் பின்னும் விளக்கு ஆகியவையும் வேண்டும். இவ்வளவும் செய்து வலி நீடித்தாலோ, மரமரப்பு இறங்கிய பிறகும் போகாவிட்டாலோ மருத்துவரைப் பார்த்துவிட வேண்டியதுதான்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். 1973-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பொறியியலாளர் எஸ்.எஸ். வில்சன் எழுதிய கட்டுரை ஒன்று, நடப்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் சைக்கிளில் போகிறவருக்குச் செலவாகிறது என்று காட்டியது. நம் கால்களுக்கு இவ்வளவு உதவும் எந்திரம் வேறில்லை.

பாதி உடம்பு, பாதி சாலை

சீட்டைச் சரிசெய்தால் முட்டி பிழைக்கும். பின்னால் வரும் லாரியிடமிருந்து யார் காப்பாற்றுவது? சைக்கிள் நாடு என்று நாம் புகழும் நெதர்லாந்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. போருக்குப் பிறகு அங்கும் கார்கள் பெருகி சைக்கிள் தேய்ந்தது. 1971-இல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை விபத்தில் இழந்த ஒரு பத்திரிகையாளரின் கட்டுரை 1972-இல் வெளியானது. 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற அதன் தலைப்பே ஒரு மக்கள் இயக்கத்தின் பெயராயிற்று. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வேறு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓடாத சாலைகளை மக்கள் கண்ணால் கண்டார்கள். அதற்குப் பின் ஆண்டுக்கணக்கில் போராடியும் திட்டமிட்டும் பெற்றவைதான் அங்குள்ள சைக்கிள் பாதைகள்.

தம்பி, தங்கைகளே! உங்களில் சிலர் நாளை சாலை போடும் பொறியாளர்களாகவும் நகராட்சி ஆணையர்களாகவும் மாவட்ட ஆட்சியர்களாகவும் வருவீர்கள். ஒரு ஆட்சியர் மனம் வைத்ததால் புதுக்கோட்டையில் என்ன நடந்தது என்று பார்த்தோம். கோப்பு உங்கள் மேஜைக்கு வரும்போது, ஷிப்ட் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் அந்த சைக்கிள்காரரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

சக தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்த சைக்கிளை இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். தூசி தட்டி, தெருமுனைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய், "அண்ணே, காத்து அடிச்சு, சீட்டைக் கொஞ்சம் ஏத்திக் குடுங்க" என்று சொல்லுங்கள். ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிடம் போதும். அடுத்த கூடலுக்கு எத்தனை பேர் சைக்கிளில் வருகிறீர்கள் என்று பார்ப்போம். ஸ்டாண்டில் இடம் போட்டு வைக்கச் சொல்லிச் செயலாளரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.